அமெரிக்காவில் ஓட்டுப் போட என்ன காகிதம் வேண்டும்?

2025 மார்ச் 25ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட தேர்தல் ஆணையில் எடுத்த எடுப்பிலேயே இந்தியாவின் பெயர் வருகிறது. இந்தியாவும் பிரேசிலும் வாக்காளர் அடையாளத்தைக் கைரேகை, கருவிழி போன்ற உடலடையாளத் தரவுகளோடு இணைத்து வருகின்றன, அமெரிக்காவோ குடியுரிமை விஷயத்தில் வாக்காளர் தன் வாயால் சொல்வதைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது என்று அந்த ஆணை குறைப்பட்டுக்கொள்கிறது. இதைப் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டவர்கள் இங்கே உண்டு. உண்மையில், வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைப்பது இங்கே விருப்பப்பட்டால்தான். பூத்தில் யாரும் நம் கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றாலும் பத்துக்கு மேற்பட்ட மாற்று ஆவணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டு ஓட்டுப் போடலாம்.

சரி, ஓட்டுப் போட வருபவரிடம் அட்டை கேட்பதில் என்ன தப்பு? அமெரிக்கத் தேர்தல் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. நியாயமான கேள்விதான். கேட்பதில் தப்பில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அட்டையை வாக்காளர் கையில் சேர்ப்பது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அமெரிக்கச் சண்டை விளங்கும். நம் ஊரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவார், அட்டை தபாலில் வந்துவிடும். அவர் வரவே இல்லை, பெயர் விட்டுப்போயிற்று என்ற புகார்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தாலும் பட்டியல் தயாரிப்பது அரசின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வாக்காளரின் வேலை. வீடு மாறினால், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மாறினால், மறுபடியும் அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அங்கே நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு கிடையாது. நாடு தழுவிய வாக்காளர் பட்டியலோ, எல்லோருக்குமான தேசிய அடையாள அட்டையோ கிடையாது. தேர்தலை எங்கே, எப்போது, எப்படி நடத்துவது என்பதை அரசமைப்புச் சட்டம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. நாடாளுமன்றம் வேண்டுமானால் திருத்தலாம். அதிபருக்கு அதில் வேலை எதுவும் சொல்லப்படவில்லை. மேலே சொன்ன ஆணையின் முக்கியமான பகுதியை, அதாவது வாக்காளர் பதிவுப் படிவத்துக்குக் குடியுரிமைச் சான்று கேட்டதை, கூட்டாட்சி நீதிபதி காலீன் கோலர்-கொடெலி 2025 ஏப்ரலில் தடுத்து நிறுத்தியதும், அக்டோபர் இறுதியில் நிரந்தரமாகவே தடை விதித்ததும் இந்தக் காரணத்தால்தான்.

பெயரைப் பதிந்தால்தான் ஓட்டு என்ற முறையை 1800இல் முதலில் கொண்டுவந்த மாநிலம் மாசசூசெட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. சில மாநிலங்களில் பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் பதிவுச் சட்டம். புதிதாகக் குடியேறியவர்கள் குவிந்திருந்ததும் அங்கேதான். தெற்கே கதை இன்னும் வெளிப்படையானது. 1890இல் மிசிசிப்பி புதிய அரசமைப்பை எழுதி, ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வைத்தது. அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவுக்குப் பதிவு அலுவலர் திருப்திப்படும்படி விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவைக் கொடுப்பது, எந்த விளக்கம் தேறும் என்பதெல்லாம் அந்த ஓர் அலுவலரின் விருப்பம். சட்டத்தில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. 1965 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திடும் முன்பு மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். இரண்டே ஆண்டில் அது 59.8 ஆனது. தகுதி உள்ளவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள், பதிவு மேசைதான் தடையாக நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

அப்புறம் 1993. பில் கிளிண்டன் கையெழுத்திட்ட தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தை மக்கள் ‘மோட்டார் வோட்டர்’ என்பார்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ போகும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம். தபால் படிவமும் வந்தது. அதில் நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஆம் என்பதில் குறியிட்டு, பொய் சொன்னால் தண்டனை என்ற வாசகத்தின் கீழே கையெழுத்திட வேண்டும். ‘வாயால் சொல்வதை நம்புவது’ என்று டிரம்ப் ஆணை குறைசொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

அந்தக் கட்டம் பார்ப்பதற்குத்தான் சாதாரணம். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டால் சிறை, அதற்கு மேல் நாடுகடத்தல் என்று 1996இல் சட்டம் வந்துவிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் உரிம அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டி, தெரியாமல் அந்தக் கட்டத்திலும் குறியிட்டுவிட்டால், பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது கோப்பிலிருந்து எழுந்து வரும். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நம்மவர்களுக்குக் குடிவரவு வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இது. ஒரே ஒரு ஓட்டுக்காக வாழ்க்கையையே பணயம் வைப்பவர்கள் அபூர்வம் என்பது என் எண்ணம். கணக்குகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன.

பூத்தில் அட்டை கேட்கும் சட்டங்கள் சூடுபிடித்தது 2000க்குப் பிறகு. அந்த ஆண்டு புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் அதிபர் பதவியே முடிவானதும், தேர்தல் நிர்வாகம் எவ்வளவு ஓட்டை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 2005இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை தாங்கிய ஆணையம் ஒரு பேரம் முன்வைத்தது. வாக்குச்சாவடியில் புகைப்பட அட்டை கேளுங்கள். அதே சமயம், அட்டை இல்லாதவர்களை அரசே தேடிப் போய், நடமாடும் அலுவலகங்கள் வைத்தாவது, இலவசமாகக் கொடுக்கட்டும். இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்து பேசி எட்டிய முடிவு அது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் வந்த யோசனைகளில் உருப்படியானது அதுதான். மாநிலங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன. தேடிப் போய்க் கொடுக்கும் பாதி அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

அதே 2005இல் இந்தியானா கண்டிப்பான புகைப்பட அட்டைச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆள்மாறாட்டம் நடந்ததாக இந்தியானாவின் வரலாற்றிலேயே ஓர் ஆதாரமும் பதிவில் இல்லை என்று ஒத்துக்கொண்டே, 2008 ஏப்ரல் 28ஆம் தேதி 6-3 என்ற கணக்கில் நீதிபதிகள் சட்டத்தை ஏற்றார்கள். எட்டே நாளில் அந்த மாநிலத்தில் வேட்பாளர் தேர்வுக்கான முதற்கட்டத் தேர்தல். சவுத் பெண்ட் நகருக்கு அருகே ஒரு கன்னியர் மடத்திலேயே வாக்குச்சாவடி இருந்தது. எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பன்னிரண்டு கன்னியாஸ்திரீகள் ஓட்டுப் போட வந்தார்கள். அவர்களிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, சிலரிடம் காலாவதியான பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. மேசையில் அமர்ந்திருந்த தேர்தல் பணியாளரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரீதான். தினமும் பார்த்துப் பேசும் முகங்களை, அடையாளம் தெரியவில்லை என்று சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இந்தச் சட்டம் கீழ் நீதிமன்றத்தில் வந்தபோது அதை ஆதரித்துத் தீர்ப்பெழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர் என்ற நீதிபதி. அது தவறான முடிவு என்று 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

அட்டையே இலவசமாகக் கிடைத்தாலும் அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குக் காசு வேண்டும், அலுவலகம் போய் வர வண்டி வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் வண்டி எங்கே? எந்த அட்டை செல்லும் என்ற பட்டியலிலும் அரசியல் உண்டு. டெக்சஸின் 2011 சட்டத்தில் துப்பாக்கி உரிமம் செல்லும். மாநிலப் பல்கலைக்கழகமே கொடுத்த மாணவர் அட்டை செல்லாது. இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்று 1965 வாக்குரிமைச் சட்டத்தில் ஏற்பாடு இருந்ததால் அந்தச் சட்டம் முடங்கிக் கிடந்தது. எந்தெந்த மாநிலங்களுக்கு அனுமதி தேவை என்று சொல்லும் பிரிவை 2013 ஜூன் 25ஆம் தேதி ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என ரத்து செய்தது. அன்றைக்கே டெக்சஸ் தன் சட்டம் அமலுக்கு வருவதாக அறிவித்தது. பதிவு செய்த வாக்காளர்களிலேயே சுமார் 6 லட்சம் பேரிடம் உரிய அட்டை இல்லை என்று பின்னால் ஒரு நீதிபதி கண்டறிந்தார். நீண்ட வழக்குக்குப் பிறகு, அட்டை வாங்க முடியாததன் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று டெக்சஸ் இறங்கி வந்தது.

வடக்கு டக்கோட்டா விஷயம் விசித்திரமானது. வாக்காளர் பதிவே இல்லாத ஒரே மாநிலம் அது. 1951இலேயே அதை ஒழித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அது போதும் என்றிருந்த ஊர். 2012இல் ஜனநாயகக் கட்சியின் ஹைடி ஹைட்காம்ப் 3,000க்கும் குறைவான ஓட்டில் செனட் தேர்தலில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே விதி இறுகியது: அடையாள அட்டையில் தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள முகவரி இருக்க வேண்டும். பூர்வகுடிகளின் காப்பு நிலங்களில் பல வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது, கடிதமெல்லாம் தபால்பெட்டி எண்ணுக்குத்தான் வரும். 2018 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, உச்ச நீதிமன்றம் இந்த விதியில் தலையிட மறுத்தது. பழங்குடி அரசுகள் முகவரி ஒதுக்கி, இலவச அட்டைகளை இராப்பகலாக அடித்துக் கொடுத்தன. 2020இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இப்போது பூர்வகுடி வாக்காளர் ஒருவர் வரைபடத்தில் தன் வீடு இருக்கும் இடத்தைக் குறித்துக் காட்டினால் போதும், முகவரியைக் கண்டுபிடிப்பது மாநிலத்தின் வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இதையெல்லாம் வைத்து, அட்டைச் சட்டங்களால் கோடிக்கணக்கானோர் ஓட்டிழந்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 2008 முதல் 2018 வரை நாடு முழுவதும் திரட்டிய தரவுகளை வைத்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, கண்டிப்பான அட்டைச் சட்டங்கள் வாக்குப்பதிவைக் கணிசமாகக் குறைக்கவில்லை என்று கண்டது. மோசடியையும் அவை குறைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. குறைப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜஸ்டின் லெவிட் என்ற சட்டப் பேராசிரியர் 2000 முதல் 2014 வரை பதிவான நூறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் நம்பத்தகுந்த ஆள்மாறாட்டப் புகார்களைத் தேடினார். கிடைத்தவை 31. ஆக, இரு தரப்பும் இதைப் பூதாகாரமாக்கியிருக்கிறது. 2024இல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் பேர் புகைப்பட அட்டையை ஆதரித்தார்கள். அத்தனை பேரும் யாரையோ ஒடுக்க நினைக்கிறார்கள் என்று சொன்னால் எடுபடாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது பூத் வாசல் அல்ல, அதற்கு முந்தைய வாசல். பதிவு செய்யும்போதே குடியுரிமைச் சான்று கேட்கும் விதியால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சாஸில் நடந்ததைப் பார்த்தால் போதும். அங்கே மாநிலச் செயலராக, அதாவது தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரியாக, இருந்த கிறிஸ் கோபாக் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 2013இல் அமலானது. பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ காட்டாத 30,000க்கும் மேற்பட்டோரின் விண்ணப்பம் முடங்கியது. விண்ணப்பித்தவர்களில் அது சுமார் 12 சதவீதம். அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் குடிமக்கள். பட்டியலில் நுழைந்த வெளிநாட்டவர் எத்தனை பேர் என்று வழக்கில் தோண்டித் துருவியதில் பல ஆண்டுகளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 39 என்று வந்தது. இது பனிப்பாறையின் நுனிதான் என்றார் கோபாக். பனிப்பாறை எதுவும் இல்லை, குழப்பத்தாலும் அலுவலகத் தவறுகளாலும் உண்டான பனிக்குச்சிதான் இருக்கிறது என்று 2018 தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ஜூலி ராபின்சன். பட்டியலின் லட்சணத்துக்கு அதே வழக்கில் ஒரு சான்று வந்தது: பதிவு செய்த தேதிக்குப் பிறகு பிறந்ததாகச் சுமார் 400 வாக்காளர்களின் விவரம் கணினியில் இருந்தது. தானே வாதாடிய கோபாக்குக்கு ஆறு மணி நேரச் சட்ட வகுப்பும் விதித்தார் நீதிபதி.

கணினி சொல்வதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவும் ஓர் உதாரணம். அங்கேயும் பதிவுக்குக் குடியுரிமைச் சான்று வேண்டும், 1996 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய ஓட்டுநர் உரிமம் அதற்குச் செல்லும். அதற்கு முன் உரிமம் எடுத்தவர் பின்னாளில் நகல் வாங்கியிருந்தால், நகலின் தேதியே முதல் தேதியாகக் கணினியில் ஏறிவிட்டது. இது 2024 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. முதலில் 98,000 பேர் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேரும் பல்லாண்டுகளாக அரிசோனாவில் வாழ்பவர்கள். தேர்தல் நெருங்கிவிட்டதால் அவர்களை ஓட்டுப் போட விடும்படி மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்மவர்களை நேராகத் தொட்டது டெக்சஸில் 2019 ஜனவரியில் நடந்தது. குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்று 95,000 வாக்காளர்களின் பட்டியலை மாநிலச் செயலர் வெளியிட்டார். உரிமம் எடுக்கும்போது கிரீன் கார்டோ விசாவோ காட்டியவர்கள் அவர்கள். உரிமம் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒருவர் குடியுரிமை பெற்று, பதவியேற்பு போல நடக்கும் உறுதிமொழி விழாவில் வாக்காளர் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்திருப்பார். உரிம அலுவலகக் கணினிக்கு அது தெரியாது. சில நாட்களிலேயே சுமார் 25,000 பேர் பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று தெரிந்தது. ஏப்ரலில் மாநிலம் சமரசத்துக்கு வந்து அந்த முயற்சியைக் கைவிட்டது. மே மாதம் செயலர் பதவி விலகினார்.

பெயர்ப் பொருத்தம் தனிச் சிக்கல். 2002இல் வந்த கூட்டாட்சித் தேர்தல் சட்டத்தின்படி புதிய விண்ணப்பத்தில் உள்ள விவரங்களை உரிமப் பதிவோடோ அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோடோ ஒப்பிடுவார்கள். ஜார்ஜியா எழுத்துக்கு எழுத்து, இடைக்கோடுக்கு இடைக்கோடு பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. 2018 ஆளுநர் தேர்தல் சமயத்தில் அதனால் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் கிடந்தன, அதில் ஏறத்தாழ 70 சதவீதம் கறுப்பர்களுடையவை. தேர்தலை மேற்பார்வையிட்ட மாநிலச் செயலர் பிரையன் கெம்ப்தான் ஆளுநர் வேட்பாளரும். தகப்பன் பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு போன தமிழருக்கு இதன் தலைவலி புரியும். ஓர் ஆவணத்தில் இனிஷியல் விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும், இன்னொன்றில் முதலில் நிற்கும், விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்றே அச்சாகியிருக்கும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட கோடிக்கணக்கான அமெரிக்கப் பெண்களின் பிறப்புச் சான்றிதழும் இன்றைய பெயரும் பொருந்தாததும் இதே சிக்கல்தான்.

வாக்காளர் கதை இப்படி என்றால் வேட்பாளர் கதை வேறு. 1880கள் வரை வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுத்தன. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். 1888இல் மாசசூசெட்ஸ் அரசே அச்சடித்த ரகசிய வாக்குச்சீட்டு வந்தது, அத்தோடு அதில் யார் பெயரை ஏற்றுவது என்ற கேள்வியும் வந்தது. நம் ஊரில் டெபாசிட் கட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அங்கே கையெழுத்துகள் வேண்டும். 2024இல் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்க டெக்சஸில் 1,13,151 கையெழுத்து தேவைப்பட்டது. அதுவும் இரு பெரிய கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களித்தவர் போடக் கூடாது. டென்னசியில் 275 போதும். அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் நியூயார்க்கில் தேவையான கையெழுத்தைச் சேர்த்தும், படிவத்தில் கொடுத்த முகவரியில் அவர் வசிக்கவே இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். அப்புறம் அவர் போட்டியிலிருந்து விலகி, மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அங்கே எடுக்கவில்லை.

பதிவின்போதே குடியுரிமைச் சான்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கும் ‘சேவ்’ மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2024 ஜூலையிலும், மறுபடி 2025 ஏப்ரல் 10ஆம் தேதி 220-208 என்றும் நிறைவேற்றியது. செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேண்டும். அதற்காகக் காத்திராமல் நியூ ஹாம்ப்ஷயர், லூயிசியானா, வயோமிங் ஆகியவை சொந்தமாகச் சட்டம் போட்டுவிட்டன. அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் பாஸ்போர்ட் இருக்கிறது. புதிதாக எடுக்க 165 டாலர். விமான நிலையத்தில் செல்லும் ‘ரியல் ஐடி’ வகை உரிமம் பெரும்பாலான மாநிலங்களில் குடியுரிமையைக் காட்டாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவரிடம் அதற்கென ஒரு சான்றிதழ் இருக்கும். அனுமதியின்றி இதை நகலெடுப்பதோ படம்பிடிப்பதோ தண்டனைக்குரியது என்று பழைய சான்றிதழ்களில் அச்சிட்டிருக்கும். சட்டப்பூர்வமான தேவைக்கு நகலெடுக்கலாம் என்று குடிவரவுத் துறை விளக்கம் கொடுக்கிறது, ஆனால் அந்த வாசகத்தைப் படித்தவர்கள் ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகத் தயங்குகிறார்கள். மூலச் சான்றிதழையே தபாலில் அனுப்பித் தொலைத்துவிட்டால் மாற்றுச் சான்றிதழுக்குக் கட்டணம் 500 டாலருக்கு மேல்.